ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்?

உசிலம்பட்டிக்காரன்:

வணக்கம். எங்களுடையது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாவது வரைதான், பதினொன்றுக்கு டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். எங்களோடு அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூர், ஓசூர், சென்னை என்று பிழைக்கப் போய்விட்டார்கள், ஒருவன் துபாயில். பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தபோது ஆளுக்கு மாதம் கொஞ்சம் போட்டு ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசினோம். பேசியதோடு சரி, என்ன செய்வது என்பதில் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் சண்டை. ஒரு கோஷ்டி ஆகஸ்ட் 15க்கு மேடை போட்டு, பத்தாவதில் முதல் மூன்று இடம் வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்து, யாராவது பெரிய அதிகாரியைக் கூட்டிவந்து பேச வைக்கலாம் என்கிறது. இன்னொரு கோஷ்டி சாவடியில் ராத்திரி டியூஷன் வைப்போம் என்கிறது.

எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. ஊரிலேயே உரக்கடை வைத்திருப்பவன், நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மே மாதம் ரிசல்ட் வருகிறது, ஜூன் முடிவதற்குள் சில பையன்கள் வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள், பொம்பளைப் பிள்ளைகள் மில் வேனில் ஏறிவிடுகிறார்கள். பெயிலானவர்கள் மட்டும் இல்லை, 300க்கு மேல் எடுத்தவர்களும்தான். ஊரோடு இருப்பது நானும் இன்னொருவரும் மட்டும், எங்களிடம் காசைவிட ஆள்தான் பஞ்சம். இந்த மாதிரி வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:

மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். முதல் மூன்று இடத்துக்குப் பரிசு கொடுப்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த மூன்று பேரும் நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் படிப்பார்கள். மேடைப் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, பிள்ளைகள் சாக்லேட் எப்போது தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டியூஷனுக்கு வருகிறேன். பத்தாவதுக்குக் காலையிலும் சாயங்காலமும் நாங்களே சிறப்பு வகுப்பு வைத்துப் பிழிந்துவிடுகிறோம். அதற்கு மேல் ராத்திரி சாவடியிலும் உட்காரச் சொன்னால் பையன் தூங்கத்தான் செய்வான். அதனால் முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு, அது வழியாகப் போனால் யாரும் உங்களை வெளியாளாகப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கி இருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். பொம்பளைப் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் ஊரில் ஒரு அக்கா கூட உட்கார்ந்திருக்க வேண்டும், இதை விட்டுவிட்டு எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பாதி வகுப்பு காலிதான்.

கணக்கில் பாஸ் ஆவதற்கு ஒரு வழி சொல்கிறேன், கணக்கு எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 100க்கு 35 வேண்டும். செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8, ஆக 16. ஒரு மார்க் கேள்வி 14. ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிற பையன்கூட வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துவிடுவான், கை பழகினால் போதும். அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வதும் அப்படித்தான். உதவிப் படம் போட வேண்டும், வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத வேண்டும், இந்த இரண்டையும் மறந்து மார்க்கை விடுகிற பிள்ளைகள் வருடாவருடம் உண்டு. புத்தகத்துப் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளையும் உருப்போட்டால் 30 வந்துவிடும், இரண்டு மார்க் கேள்வி மூன்று சரியாக எழுதினால் கரையேறிவிடலாம். உங்கள் ஆட்களை ஜியாமெட்ரி பாக்ஸும் கிராஃப் தாளும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். முனை மழுங்கிய பென்சிலும் ஆடுகிற காம்பஸும் வைத்துக்கொண்டு வட்டம் எங்கே வரும்?

புதூர் பிட்டர்:

வாத்தியார் சொன்னது பாஸ் பண்ணுவதற்கு. பாஸ் பண்ணின பிறகு என்ன என்றுதானே அண்ணன் கேட்கிறார்? எல்லோரும் பன்னிரண்டாவது, அப்புறம் ஏதாவது ஒரு டிகிரி என்றே பேசுகிறார்கள். நான் மதுரை கோ.புதூர் அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், பிட்டர் முடித்தவன். பிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும், பஸ் பாஸ், சைக்கிள், யூனிபார்ம் உண்டு. அது போக, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000, டிகிரிக்கு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐடிஐக்கும்தான். இது உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ஐடிஐ போனால் அதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடம். சுற்று வழிதான், ஆனால் நடுவில் எங்கே இறங்கினாலும் கையில் தொழில் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பரீட்சை முடிந்ததும், வேலை நாளாகப் பார்த்து, ஒரு வேன் பிடித்து ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். புதூர் ஐடிஐ, டி.பி.கே. ரோட்டில் தமிழ்நாடு பாலிடெக்னிக், முடிந்தால் ஒத்தக்கடை விவசாயக் கல்லூரி. உங்கள் பக்கத்துக்குக் கிட்டத்தில் செக்கானூரணியிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. முன்கூட்டியே முதல்வருக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். லேத் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பையன் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

அப்புறம் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை. ரிசல்ட் வந்த வாரமே பைக்கில் வருவார்கள், ஃபீஸே இல்லை என்பார்கள், ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் சித்தி பையனுக்கு ஒரு தனியார் காலேஜில் அப்படித்தான் ஆனது, வேறு இடத்தில் சீட் கிடைத்தும் சர்டிபிகேட்டை மீட்க முடியாமல் ஒரு வருடம் போனது.

செக்கானூரணி அம்மா:

நடுவில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் மகன் அரசுப் பள்ளியில் பத்தாவதில் 438 எடுத்திருக்கிறான். பதினொன்றுக்கு ஹாஸ்டலோடு ஒரு தனியார் பள்ளியில் போடு, கடன் வாங்கியாவது போடு என்று அவன் மாமா நிற்கிறார். இவனும் பொறியியல்தான் படிப்பேன் என்கிறான். போடலாமா?

நாலாவது செமஸ்டர்:

அம்மா, தயவுசெய்து அவசரப்பட்டு டிசி வாங்கிவிடாதீர்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், விவசாயம், கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். பதினொன்றுக்குத் தனியாருக்குப் போனால் அது மொத்தமும் போய்விடும். பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம்கூட அரசே கட்டுகிறது. நான் அதில் வந்தவள்தான். என் அப்பா லோடுமேன், நாலு வருடத்துக்கு ஃபீஸ் கட்டு என்றிருந்தால் நான் இன்றைக்கு இங்கே டைப் பண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். தமிழ்ப் புதல்வன் 1000 ரூபாயும் இதே மாதிரிதான், அரசுப் பள்ளி, இல்லையென்றால் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. உதவி பெறும் பள்ளிக்கு 7.5 கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கிற கட்-ஆஃப் மார்க் 200க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்த மார்க்கை யாரும் பார்க்க மாட்டார்கள், இந்த மூன்றும்தான். அதனால் மாமா கொடுக்கச் சொல்கிற காசில் கால்வாசி இருந்தாலே இந்த மூன்று பாடத்துக்கும் நல்ல டியூஷன் வைத்துவிடலாம்.

பதினொன்றில் பாட குரூப் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். பயாலஜியோடு கணக்கு என்றால் பொறியியல், நர்சிங், விவசாயம் எல்லாமே திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். கணக்கோடு கம்ப்யூட்டர் என்றால் நர்சிங் பக்கம் போக முடியாது. காமர்ஸ் எடுக்கிறவர்களை மட்டமாகப் பேசுவதை நிறுத்தினாலே நிறையப் பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பார்கள், சி.ஏ. பவுண்டேஷன், ஐந்து வருட சட்டப் படிப்பு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. என் வகுப்பில் பக்கத்துப் பெண் எந்த குரூப் எடுத்தாளோ அதையே எடுத்தவர்கள்தான் ஏராளம்.

திருமங்கலத்தான்:

எல்லாம் சரிதான், ஆனால் ஒருத்தரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லையே. பையன் முறுக்குக் கம்பெனிக்குப் போவது திட்டம் தெரியாததால் மட்டும் இல்லை. முன்பணம் வாங்கியிருப்பார்கள், அக்கா கல்யாணக் கடன் இருக்கும், அப்பாவுக்கு வேலைக்குப் போக முடியாமல் இருக்கும். அந்த வீட்டில் போய் நேராக இரண்டாம் வருடம் சேரும் லேட்டரல் என்ட்ரி பற்றிப் பேசினால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் ஊரில் சில வருடமாக ஒன்று செய்கிறோம். பரிசு, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சேர்கிற காசை ஜூன், ஜூலைக்கு என்று ஒதுக்கிவிடுவது. அரசு உதவித்தொகை வரும், ஆனால் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் வரும். அதற்குள் பஸ் செலவு, இரண்டு செட் துணி, ஷூ, சேர்க்கைக் கட்டணம், பெட்டி, பக்கெட் என்று ஆகிற செலவுதான் பிள்ளையை வேலைக்குத் துரத்துகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் அந்த வாரத்தில் கையில் இருக்காது. அதை மட்டும் நாங்கள் கொடுக்கிறோம், கடனாக இல்லை. தங்கிப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு அரசு விடுதி இருக்கிறது, ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், கள்ளர் சீரமைப்பு என்று இருந்ததெல்லாம் இப்போது சமூகநீதி விடுதி. அந்த விண்ணப்பத்துக்கு வார்டனைப் பார்க்க ஒரு ஆள் கூடவே போக வேண்டும், அப்பா அம்மா கூலி வேலையை விட்டு வரமாட்டார்கள். அண்ணே, உங்கள் கூட்டத்தில் துபாய்க்காரரிடம் காசு கேளுங்கள், நீங்கள் கூடப் போங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:

திருமங்கலத்தான் சொல்வது சுருக்கென்று தைக்கிறது. குரூப்பில் அப்படியே எடுத்துப் போட்டேன், மேடை கோஷ்டி இன்னும் முனகுகிறது, ஆனால் ஜூன் செலவுக்குத் தனியாக ஒரு தொகை என்பதை மூன்று பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தலைமை ஆசிரியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு ஆள் ஜூனில் எத்தனை பிள்ளைகளோடு அலைய முடியும் என்பதுதான் கவலை.

ஈ-சேவை அக்கா:

ஜூனில் அலைவதால்தான் தம்பி கஷ்டம். எங்கள் மையத்தில் அந்த மாதம் நிற்க இடம் இருக்காது, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டிய விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் கொண்டுவருவார்கள். வேலையை ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிடுங்கள். சாதிச் சான்று ஒரு தடவை வாங்கினால் போதும். வருமானச் சான்று மட்டும் அந்தந்த வருடத்தது கேட்பார்கள். முதல் பட்டதாரிச் சான்று வீட்டில் முதலில் டிகிரி படிக்கிற பிள்ளைக்குத்தான், அண்ணன் ஏற்கனவே பட்டதாரி என்றால் தங்கைக்குக் கிடைக்காது.

அதைவிட முக்கியம் ஆதார். 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும், பத்தாவது படிக்கிற வயது அதுதான். அதில் இருக்கிற போன் நம்பர் அப்பா எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கும், ஓடிபி யாருக்கோ போகும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அது ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 1000 ரூபாய் திட்டம் எல்லாம் பேச்சோடு நின்றுவிடும்.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயார் பண்ணும்போது பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பாதிப் பேர் பார்க்காமலே போட்டுவிடுவார்கள். அங்கே ஒரு எழுத்து மாறினால் மார்க் ஷீட்டில் மாறும், அப்புறம் ஆதாரோடு ஒத்துப்போகாது, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மாட்டும். உரக்கடையில் சாயங்காலம் ஓய்வாக இருக்கிற நேரத்தில் பத்தாவது பிள்ளைகளை ஆதார் அட்டையோடு வரச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை டீச்சரைப் பார்க்கும்போது இதை முதலில் கேளுங்கள், பட்டியல் ஏற்கனவே அனுப்பியாகிவிட்டதா, இல்லை இன்னும் பள்ளியில்தான் இருக்கிறதா என்று.