பிரஷர் மாத்திரையும் மாமா மடியில இருந்த அதிமதுரமும்

பூம்பாறை மருமகள்:
எங்க மாமாவுக்கு 72 வயசு. கொடைக்கானல் மேல்மலையில பூண்டு, கேரட் வெள்ளாமை. ஐப்பசியில பிரஷர் 160/100ன்னு எனலாபிரில் மாத்திரை ஆரம்பிச்சாங்க. நல்லாத்தான் இறங்குச்சு. கார்த்திகை கடைசியில பிடிச்சுது வறட்டு இருமல். சளி இல்ல, காய்ச்சல் இல்ல, படுத்தா லொக்கு லொக்குன்னு. உறைபனிக் காலம்தானேன்னு யாரும் கண்டுக்கல. அத்தை வத்தலக்குண்டு நாட்டு மருந்துக் கடையில அதிமதுரம் வாங்கி, இடிச்சு சுக்குக் காபியில போட்டுக் கொடுத்தாங்க. தொண்டைக்கு இதமா இருக்கவும், மாமா பகல்லயும் ஒரு துண்டை வாயில அடக்கிக்கிட்டே தோட்டத்துக்குப் போவார்.

பொங்கல் கழிஞ்சு பார்த்தா 170/100. கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கிடக்கு. மாத்திரையை ஒழுங்கா போடலைன்னு எல்லாரும் அவர் மேலயே பாய்ஞ்சோம். பாவம், ஒருநாள் விட்டதில்லை. மருந்தைக் கூட்டி எழுதப்போன டாக்டர், அவர் இருமுறதைக் கேட்டதும் பேனாவைக் கீழ வச்சுட்டு, வேற என்ன சாப்பிடுறீங்கன்னார். அப்பத்தான் மடியிலிருந்து அந்தத் துண்டு வெளிய வந்துச்சு.

எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்குமாம். அதிமதுரத்துல இருக்கிற கிளிசரைசின் உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கி, பொட்டாசியத்தைக் கரைச்சு, பிரஷரை ஏத்துமாம். மாத்திரையால வந்த இருமலுக்கு வேரைத் தின்னு, அந்த வேர் மாத்திரையோட வேலையையே கெடுத்திருக்கு! மாத்திரையை டெல்மிசார்டானுக்கு மாத்தினார், வேரை நிறுத்தச் சொன்னார். மாசி பாதியில இருமலும் போச்சு, வீக்கமும் போச்சு. அத்தைக்குத்தான் மனசு ஆறல. "பச்சப் பிள்ளைக்கே உரைச்சுக் கொடுக்கிறதாச்சே"ன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க.

மன்னவனூர்க்காரன்:
எங்க அம்மா மலைப்பூண்டு கட்சி. 2019ல புவிசார் குறியீடு வேற கிடைச்சிருச்சு, கேக்கணுமா! தினமும் நாலு பல் பச்சையா, தேன்ல. பிரஷர் கொஞ்சம் இறங்கினது உண்மைதான். ஆனா பிரஷர் மாத்திரை ஆம்லோடிபினை விட்டா பத்து நாள்ல பழைய கதை, அதையும் பண்ணிப் பார்த்துட்டாங்க. வம்பு வேற பக்கம் வந்துச்சு. அம்மா ஸ்டென்ட் வச்சவங்க, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் போடுறவங்க. கடவாப்பல் பிடுங்கின அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ரத்தம் நிக்கல. பச்சைப் பூண்டும் ரத்தம் உறையுறதைத் தாமசமாக்கும்னு பல் டாக்டர் சொன்னப்புறம், பூண்டு குழம்போட சரி.

தாண்டிக்குடி காபி:
எங்க சித்தப்பா கதை நேர்மாறு. சர்ப்பகந்தா. இது நிஜமாவே பிரஷரை இறக்குற வேர். மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் 1949லயே இதைப்பத்தி எழுதியிருக்கார், இதிலிருந்து எடுத்த ரெசர்பின் மாத்திரையாவே வந்துச்சு. அதுதான் ஆபத்து. ஏற்கெனவே போடுற மாத்திரையோட பொடியையும் சேர்த்து முழுங்கிட்டு, விடியக்காலம் எந்திரிச்சவர் தலைசுத்தி வாசப்படியில விழுந்தார். பார்த்தா 90/60. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா மூக்கடைப்பு, எந்நேரமும் தூக்கம், யார்கிட்டயும் பேச்சில்ல. வயசாச்சுன்னு விட்டுட்டோம். அதுவும் வேரோட வேலைதான்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது.

பூம்பாறை மருமகள்:
ஐயோ, சித்தப்பா இப்ப எப்படி இருக்கார்? எங்க மாமா மறுபடி மடியில எதையோ முடிஞ்சு வச்சிருக்கார். பனங்கற்கண்டாம். பிரிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.