செர்மாட் பன்னிரண்டு மாதமும் திறந்திருக்க வேண்டுமா?

பேர்ன்வாசி:
ஜூலையிலும் பனிச்சறுக்கு உண்டு என்று சுவிஸின் மலைச் சுற்றுலாக் கிராமமான செர்மாட்டைக் கொண்டாடுவதை இனி நிறுத்த வேண்டும். 2022 ஜூலை இறுதியில் வெப்பம் தாங்காமல் ஊருக்கு மேலே இருக்கும் தியோடுல் பனியாற்றின் சறுக்குப் பாதைகளை மூடினார்கள். 2022, 2023 இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. அப்படியும் 2023 இலையுதிர் காலத்தில் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயத்துக்காக அந்தப் பனியாற்றின் மேலேயே மண் தோண்டும் இயந்திரங்களை ஏற்றினார்கள். அனுமதித்த எல்லைக்கு வெளியேயும் தோண்டியிருக்கிறார்கள் என்று வாலிஸ் மாநில அதிகாரிகள் தடை போட்டார்கள். கடைசியில் பனிப்பொழிவும் காற்றும் சேர்ந்து ஒரு பந்தயமும் நடக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் பனி போதாமல் ரத்து. மலையைச் சில மாதமாவது சும்மா விடுங்கள்.

அடுப்படி:
அண்ணா, பனியாற்றைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராமத்தையே மூடச் சொன்னால் அடி யாருக்கு விழும்? மலை ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்தவன் நான். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை ஓர் ஒப்பந்தம், ஜூனில் இருந்து செப்டம்பர் வரை இன்னொன்று. இடையில் சம்பளமும் இல்லை, அறையும் இல்லை. அறை முதலாளி கொடுத்தது, சீசன் முடிந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். எண்பதுகளில் அகதியாக வந்த எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இந்த நாட்டு உணவகங்களின் அடுப்படியில்தான் காலூன்றினார்கள். வருடம் முழுக்க விருந்தினர் வந்தால் வருட ஒப்பந்தம் கிடைக்கும், பிள்ளையை ஒரே பள்ளியில் படிக்க வைக்கலாம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

மலைரசிகை:
இரண்டு பேரும் பனிச்சறுக்கையே விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். செர்மாட் முதலில் கோடைக் கிராமம். 1865 ஜூலையில் ஊருக்கு மேலே நிற்கும் மாட்டர்ஹோர்ன் மலையின் உச்சியை முதன்முதலில் தொட்டார்கள், இறங்கும்போது நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தச் செய்திதான் ஊரை ஐரோப்பா முழுக்கப் பேச வைத்தது. கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் 1898இல் வந்தது, 3,089 மீட்டர் வரை ஏறும். குளிர்கால சீசன் இதற்கெல்லாம் பிறகுதான். ஜூலையில் அந்த ரயிலில் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி ரிஃபெல்ஸே ஏரிக்கு நடந்து போங்கள். காற்றில்லாத காலையில் 4,478 மீட்டர் மாட்டர்ஹோர்ன் முழுசாகத் தண்ணீரில் தெரியும். அதற்குப் பனியாற்றைத் தோண்ட வேண்டாம், செயற்கைப் பனியும் வேண்டாம். வெளியூர்க் காரெல்லாம் கீழே தேஷ் ஊரோடு நின்றுவிடும். மேலே போக ரயில், ஊருக்குள் மின்சார வண்டி.

பேர்ன்வாசி:
தங்கச்சி, ரிஃபெல்ஸே அழகு எனக்கும் தெரியும். என் கேள்வி வேறு: அந்த ஊரில் யார் வாழ முடிகிறது? மலைக்கிராமங்களில் விடுமுறை வீடுகள் பெருகிப்போனதால்தான் 2012இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்து, ஓர் ஊரில் இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று முடிவானது. கட்டிய வீடுகள் கட்டியபடியே இருக்கின்றன. பரிமாறுகிறவர்களும் அறை துடைக்கிறவர்களும் வாடகை கொடுக்க முடியாமல் பள்ளத்தாக்கில் தங்கி ரயிலில் ஏறி வருகிறார்கள். கூட்டம் ஓயாமல் வந்தால் வாடகையும் இறங்காது. அப்புறம், கேபிள் கார்களை நிறுத்திச் சோதித்துப் பழுது பார்ப்பது சீசன் இடைவெளியில்தான். 3,883 மீட்டரில் இருக்கும் நிலையத்துக்கு ஆட்களைத் தூக்கிப் போகிற கம்பி விஷயத்தில் அவசரம் கூடாது.

அடுப்படி:
கம்பியைச் சோதிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு பாதை நிற்கும்போது இன்னொன்று ஓடலாமே. வாடகைக்கு மருந்து ஊரை மூடுவது இல்லை, வேலையாட்களுக்கு வீடு கட்டுவது. வருடத்தில் பெரும்பாலான நாள் ஜன்னல் சாத்தியே கிடக்கும் சொகுசு வீடுகளைப் பார்த்தபடி ரயிலுக்கு ஓடியிருக்கிறேன் அண்ணா, அதனால்தான் கோபம் வருகிறது.

மலைரசிகை:
தம்பி சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன், ஒரு நிபந்தனையோடு: கோடையில் பனியாற்றுச் சறுக்கை விட்டுவிட வேண்டும். நடைபாதையே 400 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது. மே மாதத்தில் உயரத்துப் பாதைகளில் பனி கிடக்கும், சரி. கீழே புல்வெளி பச்சையாகி இருக்கும். பாதி ஹோட்டல்கள் திறந்திருந்தால் கூடப் போதும்.

பேர்ன்வாசி:
மே மாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், வீடு கட்டுவதற்கும்தான். நவம்பருக்கு மாட்டேன். அந்த மாதம் நடப்பவருக்குப் பாதை இல்லை, சறுக்குபவருக்குக் கீழே பனி இல்லை. கூட்டத்தை அழைத்தால் எல்லாரும் மேலே பனியாற்றுக்குத்தான் போவார்கள். தம்பி, அந்த ஒரு மாதச் சம்பளத்தை வருட ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கொடு என்று முதலாளிகளிடம் கேட்கலாம். அதற்குக் கையெழுத்து வாங்குவதென்றால் என் பெயரை முதலில் போடு.