பாய்மரப் படகின் டீசல் எஞ்சினுக்கு எந்த புரொப்பெல்லர் பொருந்தும்?

கேள்வி (புதுச்சேரி):
வணக்கம். தேங்காய்த்திட்டில் நிற்கும் எங்கள் பாய்மரப் படகின் நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளந்த நீளம்) 30 அடி. அதன் 30 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 3600 சுற்று சுழல வேண்டியது; ஆனால் முழு விசையிலும் 3000-ஐத் தாண்டாமல் கரும்புகை கக்குகிறது. மூன்று இதழ் புரொப்பெல்லரை மாற்றிவிடலாமா?

மறுமொழி (கடலூர்):
ஐயா, செலவு செய்வதற்கு முன் படகின் அடிப்பாகத்தையும் இதழ்களையும் பாருங்கள். உப்பனாற்றில் சில வாரங்கள் சும்மா நின்ற படகில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) படிந்தே எஞ்சினை இழுத்துப் பிடித்ததை நான் பட்டறிந்திருக்கிறேன். சுத்தம் செய்த பிறகும் சுற்று ஏறவில்லையென்றால் பிட்ச் அதிகம், அதாவது ஒரு சுற்றுக்கு புரொப்பெல்லர் முன்னேற முயலும் தூரம் எஞ்சினின் சக்திக்கு மீறியது என்று பொருள். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். விட்டத்தைக் குறைப்பதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் செல்லும் கனமான படகுக்குப் பெரிய விட்டமே உந்துதல் தரும்.

மறுமொழி (புதுச்சேரி):
இந்த நீளத்திற்கு இயல்பான உச்ச வேகம் சுமார் 7.3 நாட் (மணிக்கு 7.3 கடல் மைல்) என்பதால், வேகத்திற்காகப் பிட்சைக் கூட்டுவது வீண். மடங்கும் புரொப்பெல்லர் பாயில் ஓடும்போது இழுவையைக் குறைக்கும். ஆனால் பின்னோக்கிச் செல்கையில் பிடிப்பு பொதுவாகக் குறைவு, விலையும் அதிகம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கொட்டலசைச் சுரண்டியதும் 3250 வந்தது. மீதிக்கு 2 அங்குலம் பிட்ச் குறைக்கப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.