கடிபதம்: ‘அல் தெந்தே’வுக்கு ஒரு தமிழ்ச்சொல்

பொருள்: மறு: இத்தாலியச் சொற்பட்டியல், சமையல் பகுதி – ‘அல் தெந்தே’

அன்புள்ள குழுவினருக்கு,

பாஸ்தா வெந்து நிற்கும் சரியான நிலையை இத்தாலியர் ‘அல் தெந்தே’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில் இது.

> ‘அரைவேக்காடு’ என்றே எழுதிவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

தவறாகப் புரியும், ஐயா. தமிழில் அரைவேக்காடு என்பது வசை. சோற்றையும் அப்படித் திட்டுகிறோம், பாதி தெரிந்துகொண்டு பேசுகிறவரையும் அப்படித்தான் திட்டுகிறோம். இத்தாலியில் பாஸ்தாவை அல் தெந்தே என்றால் பாராட்டு. குழைந்த பாஸ்தாவைத்தான் அங்கே கெட்டுப்போனது என்பார்கள். பல்லுக்குச் சற்றே ஈடுகொடுக்கும் நிலைதான் அவர்கள் கணக்கில் முழு வேக்காடு. நாம் தேர்கிற சொல் எதுவானாலும் அதில் குறை என்ற தொனி ஏறக்கூடாது.

பொருளை ஒருமுறை அருகில் வைத்துப் பார்த்துவிடுவோம். உலர் பாஸ்தா செய்வது துரும் எனப்படும் கடினக் கோதுமையின் ரவையில். இத்தாலியில் 1967இல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாகவே ஆக்கியது. இந்தக் கோதுமையின் புரதம் கொதிநீரில் இறுகி, ஊதிவரும் மாவுச்சத்தைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் மேற்புறம் பசையாகிவிடாமல் நீர் உள்ளே மெல்ல ஏறுகிறது. வெந்துகொண்டிருக்கும் ஸ்பகெட்டியில் ஓர் இழையை எடுத்துக் குறுக்கே கடித்துப் பாருங்கள். சுற்றிலும் மஞ்சள், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. நீர் இன்னும் எட்டாத இடம் அது. இத்தாலியர் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆனிமா’, அதாவது ஆன்மா. அடுத்த நிமிடம் எடுத்துக் கடித்தால் புள்ளி சிறுத்திருக்கும். குண்டூசி முனையளவு ஆகி, இதோ மறையப்போகிறது என்னும்போது வடித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் பாஸ்தா, 10 கிராம் உப்பு என்று கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பொட்டலத்திலும் நிமிடம் அச்சிட்டிருக்கும். இருந்தாலும் கடைசித் தீர்ப்பைச் சொல்வது பல்தான். பெயரும் அங்கிருந்தே வந்தது.

நம் சமையலறையில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் என் வாதம். பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம். இட்லிக்கு ஒரு மாவுப் பதம், தோசைக்கு வேறொன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்பில் இருப்பது சரியான நிலைக்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணாலும் விரலாலும் நாவாலும் சோதித்து, அந்த நிலைக்குப் ‘பதம்’ என்று பெயர் வைத்த மொழி இது. அல் தெந்தே பல்லால் பார்க்கும் பதம். ‘வேக்காடு’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் ‘பதம்’ என்பதைப் பிடித்தால் குறை என்ற தொனி தானே விலகிவிடும்.

> பல்பதம்? தெந்தே என்றால் பல்தானே.

நேரான ஆக்கம்தான். ஆனால் ‘பல்’ என்பதற்குப் ‘பல’ என்றும் பொருள் உண்டு; பல்கலை, பல்பொருள் என்று எழுதிப் பழகிய கண் அதைத்தான் முதலில் படிக்கும். ‘பதம்’ என்பதற்குச் சொல் என்றும் பொருள் உண்டு. ஆக, பல்பதம் என்பதைப் பார்ப்பவர் ‘பல சொற்கள்’ என்று நினைத்தால் அவர் மேல் பிழையில்லை.

> பிரியாணிக்கு அரிசியை முக்கால் பதத்தில் வடிக்கிறோம். அதுவே இது.

இந்த மடலைப் படித்ததும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி, அக்கா, ஏனென்றால் இதற்கு நேர் இணையும் இத்தாலியில் இருக்கிறது. பாஸ்தாவைக் குறித்த நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே எடுத்து, சாறு இருக்கும் வாணலியில் போட்டு, வேகவைத்த நீரையும் கொஞ்சம் விட்டு, அங்கேயே மீதி வேக விடுவார்கள். அப்படி எடுக்கும் நிலை முக்கால் பதம், ஐயமே இல்லை. தட்டுக்கு வரும் நிலைதான் அல் தெந்தே. தம்மில் போட்ட அரிசி முக்கால் பதத்திலேயே நின்றுவிட்டால் பிரியாணியை யார் ஏற்பார்கள்? ஆகவே முக்கால் பதத்தையும் பட்டியலில் சேர்ப்போம், தனிப் பதிவாக.

நான் முன்வைப்பது கடிபதம். சுடுசோறு, ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. கடிப்பதற்கு ஏற்ற பதம், கடித்துப் பார்த்து அறியும் பதம் என இரண்டு பொருளையும் தாங்கும். ஐந்தே எழுத்து என்பதால் திரைப்படங்களுக்குத் துணைவரி எழுதும் நம் நண்பர்களுக்கும் வசதி. இரண்டு வரிக்குள் வசனம் அடங்க வேண்டிய இடத்தில் ‘சற்றுக் கடினமாக வெந்த’ என்று நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

‘கடி’ என்றால் இன்று சலிப்பூட்டும் நகைச்சுவை நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ‘பதம்’ பக்கத்தில் நின்றால் அந்த நினைவு வராது என்றே நம்புகிறேன். தொல்காப்பியர் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூர்மை, புதுமை, சிறப்பு உள்ளிட்ட பத்துப் பொருள்களைச் சொல்கிறார். நம் கடி வினைச்சொல், அது வேறு. ஆனாலும் அந்த ஒலி தமிழில் இழிந்த ஒலியாக இருந்ததில்லை.

நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரப் பேச்சில் மக்ரோனி ‘பச்சை பச்சையாக’ இருக்க வேண்டும் என்று சொல்லும் பழைய வழக்கு ஒன்று உண்டு. வேகாததை நாமும் பச்சை என்கிறோம். முதலில் அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். தமிழில் ‘பச்சை வாடை’ பின்னாலேயே வந்துவிடும் என்பதால் விட்டேன்.

ஒரு வரையறை. இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் மென்கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துக் கையால் தேய்க்கும் தாலியாத்தெல்லே என்னும் நாடாப் பாஸ்தாவில் இந்த வெள்ளைப் புள்ளியைத் தேடக்கூடாது. புதிதாகத் தேய்த்த மாவு உள்ளும் புறமும் ஈரம். ஓரிரு நிமிடத்தில் வெந்துவிடும். எனவே பதிவின் விளக்கத்தில் ‘உலர் பாஸ்தா’ என்று எழுத வேண்டும். ரிசோட்டோ என்னும் குழைவான இத்தாலியச் சோற்றின் அரிசிக்கும் இதே சொல்லை வழங்குகிறார்கள்: சுற்றிலும் பாலாடையாகக் கூழ், உள்ளே அரிசிமணியில் கடிபதம்.

ஓபராவின் தனிப்பாடலான ஆரியா, ரிசோட்டோ, சீட்டாட்டப் பெயரான ஸ்கோபா ஆகியவற்றை அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம். அவை பெயர்கள். நமக்கு இடம் இருப்பது பதத்துக்குத்தான்.

அன்புடன்.

---

பொருள்: மறு: மறு: ‘அல் தெந்தே’

அன்புள்ள தம்பி,

கடிபதத்துக்கு என் ஒப்புதல். நேற்றே வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்: ‘கடிபதத்தில் வடி’, ‘கடிபதம் தாண்டிவிட்டது’. இரண்டும் வாயில் இடறவில்லை. ஏவலாகவும் குறையாகவும் சொல்ல வருகிற சொல்லே சமையலறையில் நிலைக்கும்.

ஒரு திருத்தம். ‘சாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் சாறு பழத்தில் பிழிவது, அல்லது ரசம். பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டு நிற்பது கெட்டியான தொக்கு. விளக்கத்தில் தொக்கு என்று மாற்றுங்கள்.

அடுத்தது ‘மாந்தேகாரே’. பாஸ்தாவையோ ரிசோட்டோவையோ இறக்குமுன் கொழுப்பும் மாவுநீரும் பிரியாமல் ஒன்றாகும்படி வேகமாகப் புரட்டுவது. ‘பால்மமாக்குதல்’ என்று பாடநூலில் எழுதலாம். வாணலிக்கு முன்னால் நிற்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. ‘கூடிவரப் புரட்டு’ என்கிறேன் நான். நெய்யும் எண்ணெயும் தனித்து நில்லாமல் கிளறுவதற்கு உங்கள் ஊர்களில் வேறு வினைச்சொல் இருந்தால் எழுதுங்கள்.