சொந்தமாகக் கட்டிய டெபியன் இமேஜ் பூட் ஆகாமல் இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நிற்கிறது

கரிசல்காடு:
ஆய்வகத்துப் பழைய கணினிகளுக்காக டெபியன் 12 (லினக்ஸ்) இமேஜ் ஒன்றை, அதாவது வட்டில் அப்படியே எழுதக்கூடிய முழு நகலை, ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கட்டுகிறேன். 4 ஜிபி காலிக் கோப்பு, அதைப் பகுதிகளாகப் பிரிக்க பார்ட்டட், வட்டு போல (லூப் டிவைஸ்) காட்ட லோசெட்டப், ஃபார்மேட்டுக்கு எம்கேஎஃப்எஸ், அடிப்படை டெபியனை நிறுவ டெபூட்ஸ்ட்ராப், பிறகு சிரூட்டுக்குள் (அந்தப் புது டெபியனின் உள்ளே) போய் கெர்னலும் பூட் லோடரான கிரப்பும் நிறுவுவது, வழக்கமான வரிசைதான். லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் இமேஜ் ஒழுங்காக எழும்புகிறது. அதே ஸ்கிரிப்டைக் கன்டெய்னருக்குள் (லேப்டாப்பிலேயே தனித்து அடைத்த சூழல்) ஓட்டினால், கிரப் மெனு வரை வந்துவிட்டு "/டெவ்/லூப்0பி2 இல்லை" என்று இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பகுதியை ஏற்றும் முன் ஓடும் தற்காலிக அமைப்பு) ப்ராம்ப்டில் உட்கார்ந்துவிடுகிறது. கன்டெய்னருக்குள் லூப்0பி2 (லூப் டிவைஸின் இரண்டாம் பகுதி) தானாக வரவில்லை, எம்கேநோட் கட்டளை போட்டு அந்த டிவைஸ் கோப்பை நானே உருவாக்கினேன். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

பூவரசு:
டிஸ்க் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லையோ? பெரும்பாலான டிரைவர்களைச் சேர்க்கும் மாட்யூல்ஸ்=மோஸ்ட் இருக்கிறதா பாருங்கள்.

கரிசல்காடு:
மோஸ்ட்தான் இருக்கிறது. அந்த ப்ராம்ப்டிலேயே பிஎல்கேஐடி (வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தேன், எஸ்டிஏ2 (ஆய்வகக் கணினி வட்டின் இரண்டாம் பகுதி) அழகாகத் தெரிகிறது.

ஏழாம்வாய்க்கால்:
அப்போது டிரைவர் மேல் பழி இல்லை. ப்ராம்ப்டில், கிரப் கெர்னலுக்குக் கொடுத்த வரி இருக்கும் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள், ரூட்=/டெவ்/லூப்0பி2 என்று இருக்கும். இமேஜைக் கட்டிய இயந்திரத்தின் முகவரி அது. ஆய்வகக் கணினிக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

எம்கேநோட் போட்டதாகச் சொன்னீர்களே, விஷயம் அங்கேதான். கிரப் மெனுவை உருவாக்கும் அப்டேட்-கிரப், ரூட்= இடத்தில் பொதுவாக யூயூஐடியைத்தான் (அந்தப் பகுதியின் தனி அடையாள எண்) எழுதும். ஆனால் அதற்கு முன், /டெவ்/டிஸ்க்/பை-யூயூஐடி கோப்புறையில் அந்த யூயூஐடி பெயரில் இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சத்தமே இல்லாமல் டிவைஸ் பெயரை எழுதிவிடும். அந்த இணைப்புகளைப் போடுவது, டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ் சேவை. லேப்டாப்பில் அது ஓடுகிறது, கன்டெய்னருக்குள் ஓடவில்லை. பிழை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உங்கள் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்!

அப்டேட்-கிரப்புக்கு முன்னால் அந்தக் கோப்புறையை உருவாக்கி, பிஎல்கேஐடி தரும் யூயூஐடியின் பெயரில் லூப்0பி2-க்கு ஒரு சிம்லிங்க் போடுங்கள். /டெவ் பைண்ட் மவுண்ட் ஆகியிருந்தால் சிரூட்டுக்குள்ளும் தெரியும். பூட்டின்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் யூயூஐடிதானா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எழுதிய இமேஜை வீசவேண்டாம். கிரப் மெனுவில் ஆங்கில 'இ' (e) அழுத்தி, ரூட்= என்பதை /டெவ்/எஸ்டிஏ2 ஆக்கிப் பூட் செய்து, உள்ளே போய் அப்டேட்-கிரப் ஒருமுறை ஓட்டினால் போதும்.

கரிசல்காடு:
அண்ணா, எழும்பிவிட்டது! ஆனால் இரண்டாம் முறை ஓட்டியபோது லூப்0 பிஸி என்கிறது.

ஏழாம்வாய்க்கால்:
ஸ்கிரிப்டில் லூப்0 என்று நேரடியாக எழுதியிருப்பீர்கள். லோசெட்டப்புக்கு ஃபைண்ட், ஷோ இரண்டும் கொடுத்து, அது சொல்லும் பெயரை மாறியில் பிடியுங்கள். ட்ராப் (ஸ்கிரிப்ட் முடியும்போது தானாக ஓடும் கட்டளை) ஒன்று வைத்து, ஸ்கிரிப்ட் எங்கே விழுந்தாலும் அன்மவுண்ட் செய்து லூப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம், எல்லாக் கணினிக்கும் நகல் எடுக்கும் முன், ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்கவேண்டிய அடையாளம் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். எஸ்எஸ்எச் சர்வர் நிறுவியிருந்தால் அதன் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிட்டு, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி வையுங்கள்.

கரிசல்காடு:
மெஷின்-ஐடியை மறந்தே போனேன். இன்றிரவு மறுபடி கட்டுகிறேன்.