அடுப்படியில் பூவும் புதினாவும் தேவையா?

மாடித்தோட்டக்காரி:
சமையலறை பளிச்சென்று ஆக டைல்ஸை உடைக்க வேண்டாம். ஜன்னல் திட்டில் ஒரு புதினாத் தொட்டி, சிங்க் ஓரம் டம்ளரில் நாலு சாமந்தி, அவ்வளவுதான். கடையில் வாங்கின புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைத் தண்ணீரில் வைத்தாலே பத்து நாளைக்குள் வேர் விடும், பிறகு மண்ணுக்கு மாற்றலாம். பூஜை அறைக்கு நாள் தவறாமல் பூ வாங்குகிறோம். பாதி நாள் நிற்கிற இடத்துக்கு ஏன் கூடாது?

வாடகைவீட்டுக்காரன்:
எனக்கு உடன்பாடில்லைங்க. அபார்ட்மெண்ட் அடுப்படியில் மிக்ஸி, தண்ணீர் கேன் போக காய் நறுக்கவே இடம் கிடையாது. தாளிக்கிற எண்ணெய்ப் புகை இலையில் பிசுக்காகப் படியும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது வீட்டில் இப்படி டம்ளரில், தொட்டித் தட்டில் தேங்குகிற தண்ணீரில்தான். நீங்கள் சொன்ன அதே பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இதை எப்படி வைப்பது?

மாடித்தோட்டக்காரி:
கொசுவுக்குப் பயந்து பூவை விட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, டம்ளரின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை டம்ளரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் வெறுமனே கொட்டினால் போதாது. பூவுக்கும் இது நல்லது. தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, தண்டு நுனியைக் கொஞ்சம் நறுக்கி வைத்தால் சாமந்தி ஒரு வாரம் தாங்கும்.

பூக்கடைத்தெரு:
நடுவில் வருகிறேன். பூவைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுத்த வாழை, மாம்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும், கார்னேஷன் மாதிரிப் பூக்களை ரொம்பவே. அரளி அடுப்படிக்குள் வரவே கூடாது. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். கடை ரோஜாவைக் கிள்ளிச் சாப்பாட்டின் மேல் தூவுகிறார்களே, அதுவும் வேண்டாம். சாப்பிடுவதற்கென்று வளர்த்த பூ இல்லை அது, மருந்து அடித்திருப்பார்கள்.

வாடகைவீட்டுக்காரன்:
பாருங்கள், நீங்களே எத்தனை நிபந்தனை போடுகிறீர்கள்! செடிகளுக்கும் இதே கதைதான். கறிவேப்பிலைக்கு நல்ல வெயில் வேண்டும், எங்கள் வடக்கு ஜன்னலில் குச்சியாக நிற்கும். கொத்தமல்லி சென்னை வெயிலில் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

மாடித்தோட்டக்காரி:
கறிவேப்பிலை மாடிக்கானது, அதை நான் சொல்லவே இல்லையே. வெயில் குறைந்த ஜன்னலுக்குப் புதினா இருக்கிறது, கற்பூரவள்ளி இருக்கிறது. கற்பூரவள்ளியில் ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், அடிக்கடி தண்ணீர் கேட்காது. சளிக்குக் கஷாயம், மாலையில் பஜ்ஜி. எண்ணெய்ப் பிசுக்குக்கு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து வாரம் ஒருமுறை குழாயடியில் இலையைக் கழுவுங்கள்.

வாடகைவீட்டுக்காரன்:
கற்பூரவள்ளி சரி. மண்ணில் நிற்கிறது, சமையலுக்கும் ஆகிறது. தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டம்ளர் பூவுக்கு என் வீட்டு மேடையில் இடமில்லைங்க.

மாடித்தோட்டக்காரி:
பஜ்ஜிக்கு ஆகிறது என்பதற்காக மட்டும் ஒரு செடியை உள்ளே விடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. காலையில் பால் காய்ச்சும்போது எதிரே மஞ்சளாக ஒரு பூ தெரிவதே எனக்குப் பயன்தான். மேடையில் இடமில்லையென்றால் ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள், குழந்தைக்கும் எட்டாது.