மறு: பாலக் கடனா, கடவைக் கடனா?

அன்பின் நண்பர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து வணக்கம். 'Bridging loan', அதாவது நீண்டகாலக் கடனோ வேறு பணமோ வரும்வரை இடைவெளியைக் கடக்க எடுக்கும் குறுகியகாலக் கடன், இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் மச்சான், திருத்தி வாடகைக்கு விடலாம் என்று ஏலத்தில் ஒரு வீடு எடுத்திருக்கிறார். அங்கே ஏலத்தில் எடுத்தால் வழமையாக 28 நாளில் முழுப்பணமும் கட்ட வேண்டும். குசினியும் குளியலறையும் இல்லாத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக்கடன் கிடைப்பதும் அரிது. அதனால் இப்படி ஒரு வருடக் கடன் எடுக்கிறார். வீட்டைத் திருத்தி, ஆள் குடிவைத்து, நீண்டகாலக் கடன் எடுத்து இதை அடைப்பதுதான் திட்டம். ஈடு வைக்கும் பழைய வீட்டில் மாமிக்கும் பங்கு உண்டு. அவர் விளங்கித்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

> 'பாலக் கடன்' என்று நேரடியாகவே வைத்தால் என்ன?

கிண்ணியாவில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "பாலம் கட்ட எடுத்த கடனா?" என்று கேட்டார். நியாயம்தான். எங்களுக்குப் பாலம் என்றால் நிலைத்து நிற்பது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வாகனங்கள் பாதையில் ஏறித்தான் நீரைக் கடந்தன. (எங்கள் பக்கத்தில் மிதந்து செல்லும் தட்டுப் படகுதான் 'பாதை'.) இந்தக் கடனின் குணமும் பாதையின் குணம்தான்: ஏறு, கட, இறங்கு. ஆனால் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த பிறகு, அந்தச் சொல்லைக் கடனுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'இணைப்புக் கடன்' என்றால் பல கடன்களை ஒன்றாக்குவது என்று நினைப்பார்கள். 'இடைக்காலக் கடன்' நடுத்தரகாலக் கடனோடு குழம்பும்.

'கைமாற்று' என்று எழுதிய ஐயாவுக்கு: சொல் அழகு, ஆனால் இங்கே ஆபத்து. கைமாற்றுக்கு ஈடு இல்லை. பெரும்பாலும் வட்டியும் இல்லை. இதில் வீடே ஈடு. மாதம் 1 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள்: 200,000 பவுணுக்கு ஒரு வருட வட்டி 24,000. அதை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 176,000. அதிலும் கட்டணங்கள் கழியும். இதைக் கைமாற்று என்று சொன்னால் மாமியை ஏமாற்றியது போலாகும்.

என் பரிந்துரை 'கடவைக் கடன்'. கடவை என்றால் வீதியையோ தண்டவாளத்தையோ கடக்கும் இடம்; மஞ்சட் கடவை, புகையிரதக் கடவை என்று இங்கே நாளாந்தம் புழங்கும் சொல். கடவையில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பழக்கம் குறைவாக இருக்கலாம், ஆனாலும் 'கட' என்ற வேர் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம், கடனை எப்படி அடைத்து வெளியே வருவது என்ற திட்டத்துக்கு 'வெளியேற்ற உத்தி' வேண்டாம். 'கரையேறும் வழி' என்றே சொல்லலாம். அடைக்கும் நாள் உறுதியானதை 'நாள் குறித்த கடவைக் கடன்' என்றும் மற்றதை 'நாள் குறியாத கடவைக் கடன்' என்றும் பிரிக்கலாம்.

நேற்று இந்தச் சொற்களை வைத்தே மாமிக்குத் தொலைபேசியில் விளக்கினேன். "கரையேறாவிட்டால்?" என்று உடனே கேட்டார். வட்டி இன்னும் கூடும், கடைசியில் வீட்டை எடுத்து விற்கவும் முடியும் என்றேன். இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றார். தவணை தவறினால் ஏறும் அந்தக் கூடுதல் வட்டிக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. 'தண்டவட்டி' சரியாக வருமா? வியாழனுக்குள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.